ஒரு போல்ட்டுக்கு இரண்டு ஸ்பேனர்

1

கடம்பூரிலிருந்து சித்தி மகன் ரீகன் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கனடாவுக்கு வர ஏஜெண்டிடம் பேசிக்கொண்டிருக்கிறான்.

"அக்கா, அத்தானிட்ட கேட்டுச் சொல்லுங்க. சாக்கெட் செட்டு ஒண்ணு இங்கனயே வாங்கிட்டு வந்துருவோம்னு பாக்கேன். மில்லியா, இஞ்சா? ரெண்டையும் தூக்குனா பிளேன்காரன் என்னைய எறக்கி விட்டுருவான்."

அத்தான் என்று அவன் சொல்வது என் கணவர் செல்வினை. அவரிடம் நான் கேட்கவில்லை. நானே பதில் எழுதினேன். டிரெய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. நாள் முழுக்க போல்ட்டும் நட்டும்தான்.

நான் எழுதி அனுப்பியது இது:

ஒன்றுக்கு இன்னொன்றைத் தயங்காமல் போடலாம்: பத்தொன்பது மில்லியும் முக்கால் அங்குலமும். எட்டு மில்லியும் 5/16 அங்குலமும். வித்தியாசம் மயிரிழைதான்.

அவசரத்துக்குப் போடலாம்: 5/8 அங்குலத் தலைக்குப் பதினாறு மில்லி சாக்கெட்.

போடக் கூடாது: அரை அங்குலத் தலைக்குப் பதின்மூன்று மில்லி. உள்ளே போகும், சுற்றவும் செய்யும், ஆனால் தலையின் முனைகளை மழுக்கிவிடும்.

போடவே முடியாது: 9/16 அங்குலத் தலைக்குப் பதினான்கு மில்லி. ஏறாது. ஏறாததால் அதில் ஆபத்தும் இல்லை.

ரீகன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். அதன் பிறகுதான் கவனித்தேன், நான் எழுதியது முழுக்க போல்ட்டைத் திருகுகிற ஸ்பேனரையும் சாக்கெட்டையும் பற்றி. எந்த நட்டை எந்த போல்ட்டில் போடக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுத உட்கார்ந்தால் பட்டியலாக வரவில்லை. எங்கள் வீட்டில் பத்து மில்லி நட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் செல்வின் எழுந்து வெளியே போய்விடுகிறார். ஒரு மனிதர் அந்த நட்டால் கீழே விழுந்தார். இன்றுவரை அவரால் நடக்க முடியவில்லை.

நம் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குக் கிளம்பி வருகிற பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

2

நாங்கள் இருப்பது சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். சுற்றிலும் கோதுமை, கடுகு, பருப்பு. மண் கறுப்பு, நம் கரிசல் மாதிரி. மழை பெய்தால் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆட்களைக் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து விட்டால் முதல் நாள் ஏமாந்துபோவார்கள். குளிர் வந்ததும் தெரிந்துவிடும்.

நான் படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கினேன். செல்வின் என்னைக் கல்யாணம் செய்துகொண்டதால் வந்தார். இதை இங்கே பார்ட்டிகளில் யாராவது நினைவுபடுத்தாமல் இருப்பதில்லை. "மாப்பிள்ளைய பொண்ணு கூட்டிட்டு வந்திருக்கு" என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். செல்வின் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, சீதனமா ஒரு டூல் பாக்ஸும் கொண்டுவந்தேன்" என்றார்.

டூல் பாக்ஸ் உண்மைதான். கோவில்பட்டியில் பசுவந்தனை சாலையில் இருந்த ஒரு வொர்க்‌ஷாப்பில் டிராக்டரும், தீப்பெட்டி ஆலை மிஷின்களும், விதைப்புக் கருவிகளும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். டிப்ளமோ உண்டு. ஆனால் இங்கே அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. விவசாய இயந்திர மெக்கானிக் என்ற சான்றிதழ் வேண்டுமென்றால், இந்த நாட்டில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்ததாக முதலாளி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு பரீட்சை. சான்றிதழ் வந்தால் அவர் மெக்கானிக். வராதவரை உதவியாள்.

கேரி என்பவரின் பட்டறையில் வேலை கிடைத்தது. பழைய அறுவடை இயந்திரங்களை வாங்கி, சரிபார்த்து, விற்கிற இடம். கேரி நல்ல மாதிரிதான். குளிர்காலத்தில் வண்டி கிளம்பாத நாளில் தானே வந்து செல்வினை ஏற்றிப் போவார். அந்த வருடம் அறுவடைக் காலம் முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

முதல் வாரம் வேலை முடிந்து வந்தபோது செல்வின் முகம் தெளிந்திருந்தது.

"பெஞ்சு மேல ஒரு வாளி வச்சிருக்கான். கழட்டுன நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் அதுக்குள்ள கெடக்கு. கைய விட்டுத் தேடுனேன். நம்ம கடையிலயே இருக்கது மாதிரி இருந்துது."

கனடா மீட்டருக்கு மாறிய நாடு என்று பள்ளிப் பாடத்தில் இருக்கும். சாலையில் கிலோமீட்டர் போட்டிருப்பார்கள். ஆனால் மரச்சட்டம் அங்குலத்தில், ஆளின் உயரம் அடியில். இயந்திரங்களோ கலவை. பழையதில் அங்குலம், புதியதில் மில்லி, இரண்டுக்கும் நடுவில் செய்ததில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது. எல்லாவற்றிலிருந்தும் கழன்றவை அந்த வாளியில் கிடந்தன.

3

நம் ஊரில் போல்ட்டை நூலில் சொல்வோம். எட்டு நூல் ஓர் அங்குலம். மூணு நூல் என்றால் 3/8 அங்குலம். ஆனால் ஸ்பேனரை மில்லியில் கேட்போம். பத்து மில்லி போல்ட் சந்தைக்கு வந்த பிறகு அதுவும் மூணு நூல் டப்பாவிலேயே விழுந்தது. இது பெயர்க் குழப்பம் மட்டும் என்றால் பரவாயில்லை. வேலை செய்கிற முறையே அப்படி.

நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு நாள், அண்ணனின் வண்டியில் பிரேக் சரியில்லை என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். கடைக்காரர் தங்கராஜ் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏலே செல்வினு, இஞ்சினியரம்மா வந்திருக்காவ. கைய தொடச்சிட்டு வா. மூஞ்சியையும் தொடச்சிரு, நிச்சயத்த முறிச்சிட்டுப் போயிரப் போறாவ."

செல்வின் வரவில்லை. பசுவந்தனைக்காரர் ஒருவரின் விதைப்புக் கருவியின் கீழே படுத்திருந்தார். பழைய கருவி, பழைய அங்குல போல்ட், நட்டு எங்கோ விழுந்துவிட்டது. படுத்தபடியே ஒரு டப்பாவுக்குள் கையை விட்டு, தடவி, ஒரு நட்டை எடுத்து போல்ட்டில் வைத்துச் சுற்றினார். ஏறியது. மறுபக்கம் தலையைப் பிடிக்க எந்த ஸ்பேனரும் சரியாகப் பொருந்தவில்லை. பதினைந்து மில்லி ஸ்பேனரை வைத்து, இடைவெளியில் ஒரு தகரத் துண்டைச் செருகினார். நட்டில் பதினேழு மில்லி ஸ்பேனர். இறுக்கிவிட்டார்.

"நிக்குமா அண்ணாச்சி?" என்று பசுவந்தனைக்காரர் கேட்டார்.

"அது என்ன கல்யாணமா, ஆயுசுக்கும் நிக்கதுக்கு? விதைப்பு முடியட்டும். ஒருக்க கொண்டாரும், முறுக்கித் தாரேன்" என்றார் தங்கராஜ் அண்ணாச்சி.

நான் செல்வினிடம், "ரெண்டு பக்கமும் வேற வேற அளவா இருக்கே" என்றேன். அதுதான் அவரிடம் நான் பேசிய முதல் தொழில்நுட்பப் பேச்சு.

"இங்க எந்த போல்ட்டுக்கு அதோட சொந்த நட்டு கெடச்சிருக்கு?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சொன்னது சரி. அந்தக் கடையில் ஒரு போல்ட்டுக்கு இரண்டு அளவு ஸ்பேனர் என்பது யாரும் கவனிக்கிற விஷயமே இல்லை. ஒரு பக்கம் பொருந்தாததை அடைப்பதற்குத் தகரம் இருந்தது, தளர்ந்தால் முறுக்க ஆள் இருந்தார். எதையும் கடைசி முறையாக யாரும் மாட்டவில்லை. கருவி திரும்பி வரும், கை வைத்துப் பார்ப்பார்கள், இறுக்குவார்கள். அந்த ஏற்பாடு இருக்கிறவரை தப்பான நட்டும் ஓடும்.

இந்த நாட்டில் மாட்டினால் மாட்டியதுதான். விற்றுப்போன இயந்திரம் எந்தப் பண்ணைக்குப் போகும், அடுத்து எந்த வருடம் யார் கை அதில் படும் என்பது யாருக்கும் தெரியாது.

4

அறுவடை இயந்திரத்தில் ஓட்டுநர் அறைக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு சிறிய மேடை இருக்கும். ஏணியில் ஏறி அதில் நிற்க வேண்டும். பின்பக்கம் விழாமலிருக்க ஒரு கைப்பிடிக் கம்பி. பட்டறைக் கதவுக்குள் நுழைவதற்காக அந்தக் கம்பியைக் கழற்றியிருந்தார்கள். வேலை முடிந்ததும் திரும்ப மாட்டியது செல்வின். கம்பியின் காலில் இரண்டு போல்ட். இரண்டும் 3/8 அங்குலம். ஒரு நட்டைக் காணவில்லை. வாளிக்குள் கையை விட்டு ஒரு பத்து மில்லி நட்டை எடுத்து மாட்டினார்.

3/8 அங்குல போல்ட்டில் பத்து மில்லி நட்டு கையாலேயே ஏறும். கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். திருகின் புரி பாதிதான் பிடித்திருக்கும். ஸ்பேனரில் மிதமாக இறுக்கினால் இறுகியதுபோலவே இருக்கும். வெளியிலிருந்து பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஓர் ஆளின் முழு எடையும் ஒரே வீச்சில் விழும்போது அந்தப் பாதிப் புரி சீவிக்கொண்டு வந்துவிடும்.

அறிவதற்கு ஒரே ஒரு வழி உண்டு. போல்ட் தலையைப் பிடிக்க 9/16 அங்குல ஸ்பேனர் வேண்டும், பத்து மில்லி நட்டைப் பிடிக்கப் பதினேழு மில்லி ஸ்பேனர் வேண்டும். இங்கே வளர்ந்த மெக்கானிக் ஒருவர் ஒரே போல்ட்டுக்கு இரண்டு அளவு ஸ்பேனரை எடுக்க நேர்ந்தால் கை தானாக நின்றுவிடும். செல்வினின் கை நிற்கவில்லை. நிற்கப் பழகிய கை இல்லை அது.

மேலே ஏறியது டானிலோ. பிலிப்பைன்ஸ்காரர், செல்வினுக்கு முன்பே அங்கே வேலைக்கு வந்தவர். இருவரும் மதியச் சோற்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர் குடும்பமும் எங்களைப் போலவே கத்தோலிக்கம், ஞாயிறு திருப்பலியில் எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்வார்கள். அவர் மகனும் எங்கள் மகள் ஜோவிதாவும் ஒரே வகுப்பு.

ஓட்டுநர் அறையின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு டானிலோ திரும்பி, கம்பியில் கையை ஊன்றிக் கீழே நின்ற செல்வினிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கம்பி வெளியே சாய்ந்தது. முதுகு சிமெண்ட் தரையில் பட்டது.

5

ஆம்புலன்ஸ் போன பிறகு செல்வின் தரையில் கிடந்த நட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே சுருள் சுருளாக இரும்புச் சீவல். அதைக் கேரியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சமையலறையில் நின்றபடியே சொன்னார்.

"ஏட்டி, பதினேழு போட்டேன்."

"எதுல?"

"அந்தக் கம்பியில. இந்தப் பக்கம் ஒம்பது பதினாறு, அந்தப் பக்கம் பதினேழு."

வேறு எதுவும் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டானிலோவின் முதுகெலும்பில் முறிவு. அறுவை சிகிச்சை முடிந்தது. கால்களில் உணர்வு வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

விபத்து அறிக்கையைக் கேரி எழுதினார். அதில், தொழிலாளி கம்பியின் மேல் உட்கார்ந்திருந்தார், அது உட்காரும் இடம் அல்ல என்று எழுதியிருந்தார். கேரி அப்போது அலுவலக அறைக்குள் இருந்தவர், எதையும் பார்க்கவில்லை. யாரோ முன்பு ஒருநாள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தது அவருக்கு நினைவிருந்தது. டானிலோ கட்டிலில் படுத்தபடி, "நான் உட்காரவில்லை" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மயக்க மருந்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். இங்கே இழப்பீடு எப்படியும் கிடைத்துவிடும், தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. ஆனால் பதிவில், தன் முதுகைத் தானே ஒடித்துக்கொண்டவர் என்று ஆகிவிடும்.

பாதுகாப்புத் துறையிலிருந்து விசாரணைக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கேரி செல்வினைக் கூப்பிட்டார். பழைய இயந்திரம் என்றார். அதற்கு முந்தைய சொந்தக்காரர்கூட அந்த நட்டைப் போட்டிருக்கலாம், நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்வது பொய் இல்லை என்றார். கடைசியாக, "அறுவடை முடியட்டும், உன் தாள்களை எடுத்து வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். மிரட்டவில்லை. தோளில் தட்டிக்கொடுத்துத்தான் சொன்னார்.

அன்று மாலை அத்தை வீடியோவில் வந்தார். செல்வினின் அம்மா, பசுவந்தனையில் இருக்கிறார். மகன் முகத்தைப் பார்த்தே நடந்ததையெல்லாம் கேட்டு வாங்கிவிட்டார்.

"எய்யா, யாரும் உங்கிட்ட கேக்கலல்ல? நீயா ஏன் வாயக் குடுத்து மாட்டுத?"

"கேக்கத்தான்மா வாராவ."

"வந்தா தெரியலன்னு சொல்லு. அந்த மொதலாளியே சொல்லுதாரு. அவருக்குத் தெரியாத நாயமா உனக்குத் தெரிஞ்சிட்டு?"

"டானிலோ பொண்டாட்டி கோயிலுக்கு வாரா. முன்னாலதான் உக்காருவா."

"உக்காரட்டும். நீ பெறத்தால தள்ளி உக்காரு. கோயில்ல வேற பெஞ்சா இல்ல?" பிறகு என்னைத் தேடினார். "ஏட்டி, நீ படிச்சவ. நீயாவது சொல்லு. புள்ள வச்சிருக்கிய."

நான் பட்டியல் போடுகிறவள். அப்போதும் மனதில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் போவது கையெழுத்து, சான்றிதழ், அநேகமாக வேலை, எதிர்காலத்தில் வேறு பட்டறைகளில் கிடைக்கக்கூடிய வேலை. சொல்லாவிட்டால் போவது டானிலோவின் பேச்சின் மேல் உள்ள நம்பிக்கை. முதல் வரிசை நீளமாக இருந்தது. நான் செல்வினிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"அவர் உக்காந்திருந்தாரா?"

"இல்ல."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நின்னுக்கிட்டுதான் கைய ஊனுனான். என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தான்."

அத்தை, "சவத்த, ஒங்க இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டார்.

6

விசாரணை அதிகாரி என் வயதுடைய பெண். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைக்கலாம் என்றார். செல்வின் வேண்டாம் என்றார். என்னைப் பக்கத்தில் உட்கார அனுமதித்தார்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மேசையில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பை ஒன்றில் அந்த போல்ட்டும் நட்டும் இருந்தன. கம்பியை மாட்டியது யார் என்று கேட்டார். நான் என்றார். நட்டு எங்கிருந்து வந்தது. வாளியிலிருந்து. எந்த ஸ்பேனரை வைத்து இறுக்கினீர்கள்.

"தலைக்கு ஒன்பது பதினாறு. நட்டுக்குப் பதினேழு மில்லி."

அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

"ஒரே போல்ட்டிலா?"

"ஆமாம்."

"உங்களுக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லையா?"

"இல்லை."

அவர் காத்திருந்தார். செல்வின், "எங்கள் ஊரில்" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். டப்பாவைச் சொல்லலாம், தகரத்தைச் சொல்லலாம், முறுக்கித் தருவதைச் சொல்லலாம், இங்கிலீஷில் நானே அழகாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன். செல்வின் தலையை ஆட்டிவிட்டு, "இல்லை, விசித்திரமாகத் தெரியவில்லை" என்று மறுபடியும் சொன்னார். அவ்வளவுதான் பதிவானது.

"டானிலோ கம்பியின் மேல் உட்கார்ந்திருந்தாரா?"

"இல்லை. நின்றுகொண்டிருந்தார். கையை மட்டும் வைத்தார். நான் நேரில் பார்த்தேன்."

காரில் வரும்போது ஏன் ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அவ எழுதிக்கிடுவா. அப்புறம் அங்கயிருந்து எவன் வேலைக்கு வந்தாலும் அந்தக் கண்ணோடதான் பாப்பாவ. நான் போட்டேன். ஊரா போட்டுச்சு?"

கொஞ்ச தூரம் போனதும், "பசிக்கி" என்றார்.

7

அறிக்கை வந்தது. காரணம், அளவு பொருந்தாத நட்டு. தொழிலாளி டானிலோவின் நடத்தையில் தவறு இல்லை. பட்டறையில் அந்த வாளியை அப்புறப்படுத்த வேண்டும், மில்லியையும் அங்குலத்தையும் தனித்தனி அலமாரியில் வைக்க வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கேரிக்கு அபராதமும் விதித்தார்கள்.

கேரி உடனே ஒன்றும் செய்யவில்லை. அறுவடை முடிந்ததும் வேலை குறைந்துவிட்டது என்றார். கையெழுத்தைப் பற்றிச் செல்வின் கேட்டபோது, "உன் வேலைக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது, உனக்கே தெரியும்" என்றார். அதில் மறுத்துப் பேச எதுவும் இல்லை. அதன் பிறகு போன இரண்டு பட்டறைகளில் முதல் கேள்வியே அந்த விபத்தைப் பற்றித்தான். ஊர் சிறியது.

இப்போது செல்வின் ஒரு கிடங்கில் பெட்டிகள் ஏற்றுகிறார். டூல் பாக்ஸ் கராஜில் இருக்கிறது. எங்கள் காருக்கு ஆயில் மாற்றக்கூட வெளியே கொடுக்கிறோம். போன மாதம் ஜோவிதாவின் சைக்கிள் சீட் ஆடியது. அவள் அப்பாவிடம் போகாமல் என்னிடம் கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டேன். அவள் இங்கிலீஷில்தான் பேசுகிறாள், அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "அப்பா கை வைத்தால் விழுந்துவிடும் என்று நீனோ சொன்னான்." நீனோ, டானிலோவின் மகன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். செல்வின் பக்கத்து அறையில் இருந்தார். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

டானிலோவின் மனைவி மேரிசெல் அறிக்கையின் பிரதியைப் படித்த பிறகு வந்த ஞாயிறு, திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரத்தில் திரும்பினார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜோவிதாவின் கையைப் பிடித்தார். செல்வின் நீட்டிய கை அப்படியே இருந்தது. மேரிசெல் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வின் உண்மையைச் சொன்னதால்தான் தன் கணவரின் பேர் சுத்தமாயிற்று என்பது அவருக்குத் தெரியும். அந்த உண்மை என்ன என்பதும் தெரியும். இரண்டும் ஒரே தாளில்தான் இருந்தன.

அத்தை சொன்னபடி பின்னால் தள்ளி உட்காரலாம் என்றேன். செல்வின் கேட்கவில்லை. அதே பெஞ்சில்தான் உட்கார்கிறோம்.

8

போன வாரம் டானிலோவே கூப்பிட்டார். விபத்துக்குப் பிறகு அவர் செல்வினோடு பேசுவது அதுதான் முதல் தடவை. சக்கர நாற்காலியிலிருந்து ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் நிற்க அவரால் இப்போது முடிகிறது. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். இழப்பீட்டு அலுவலகம் அனுப்பும் ஆள் வர மாதக்கணக்காகும்.

"நீ வந்து மாட்டித் தா" என்றார்.

செல்வின் முடியாது என்றார். வேறு ஆளைக் கூலிக்கு அனுப்புகிறேன் என்றார். டானிலோ, "வேறு ஆள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் செல்வின் கராஜைத் திறந்து டூல் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காரை எடுத்தேன்.

மேரிசெல் கதவைத் திறந்து, குளியலறை இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டினார். டானிலோ நாற்காலியில் குளியலறை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வின் சுவரைத் தட்டித் தட்டி உள்ளே மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார், பென்சிலால் குறித்தார். கம்பியோடு வந்த திருகாணிகளை என் கையில் கொடுத்தார். காலிபர் வைத்து அளந்து பார்த்தேன். கால் அங்குலம், எல்லாமே. தலை 7/16. சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார்.

சாக்கெட்டை எடுத்தபோது டானிலோ கையை நீட்டினார். செல்வின் கொடுத்தார். டானிலோ அதைத் திருப்பி, பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். ஒரு திருகாணியின் தலையில் மாட்டி ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. திருப்பிக் கொடுத்தார். ஆறு திருகாணிக்கும் இப்படி நடக்குமோ என்று நினைத்தேன். ஒன்றோடு விட்டுவிட்டார்.

இறுக்கி முடித்ததும் செல்வின் ஒதுங்கி நின்றார்.

"முதலில் நீ தொங்கு" என்றார் டானிலோ.

செல்வின் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கினார். கிடங்கு வேலையில் உடம்பு கூடித்தான் இருக்கிறது. கம்பி அசையவில்லை. டானிலோ செல்வினைப் பார்க்கவில்லை. சுவரில் கம்பி சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேரிசெல் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். போதும் என்று யாரும் சொல்லவில்லை. செல்வின் பிடியை மாற்றிப் பிடித்தார். போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். அது நான் சொல்ல வேண்டிய சொல்லாகத் தோன்றவில்லை.

"சரி" என்றார் டானிலோ.

செல்வின் கால்களை ஊன்றி, விலகி, சுவரோரமாக நின்றார். டானிலோ நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். சக்கரத்தைப் பூட்டினார். வலது கையைக் கம்பியில் வைத்தார், இடது கையை மேரிசெலின் தோளில் போட்டார். மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

டானிலோவின் எடை முழுவதும் ஏறி மேரிசெலின் தோள் இறங்கியது. மேரிசெலின் ஒரு கால் பின்னால் நகர்ந்து தரையில் ஊன்றியது. டானிலோ நிமிர்ந்து நின்றுவிட்டார். கம்பியின் மேல் அவருடைய விரல் நுனிகள் மட்டுமே இருந்தன.